'ஃபேஸ் வேல்யூ' ஆல்பத்தில் ஃபில் காலின்ஸின் பங்கு என்ன?

ஃபில் காலின்ஸின் முதல் தனி ஆல்பமான 'ஃபேஸ் வேல்யூ'வை எல்லாரும் 'இன் தி ஏர் டுநைட்' பாடலில் வரும் அந்த டிரம்ஸ் ஒலிக்காகவே தூக்கிப் பிடிக்கிறார்கள், அந்த ஒலியோ ஸ்டுடியோவில் தற்செயலாகக் கிடைத்தது என்கிறார்கள், அப்படியானால் இதில் அவர் செய்ததுதான் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி ஒலியைப் பற்றியதாகத் தெரிந்தாலும் நீங்கள் அறிய விரும்புவது வேறு என்று எனக்குப் படுகிறது. அதிர்ஷ்டத்தில் கிடைத்த ஒரு தந்திரத்தை உருவிவிட்டால் இந்த ஆல்பத்தில் மிச்சம் ஏதாவது நிற்குமா? நிற்கும். இன்னும் சொல்லப்போனால், அந்த ஒலி இந்த ஆல்பத்துக்காக உருவானதே இல்லை. இன்னொருவருடைய ஆல்பத்தில் ஏற்கெனவே வெளிவந்துவிட்ட ஒன்று. காலின்ஸ் செய்தது, அதை எங்கே வைப்பது என்று முடிவு செய்தது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இருபது வருடங்களுக்கு மேலாக ரெக்கார்டிங்கும் மிக்ஸிங்கும் செய்து பிழைப்பவன். ஒரு பதிவில் எதை வைத்தார்கள், எதை விட்டார்கள், ஏன் அப்படிக் கேட்கிறது என்பதைப் பற்றி ஓரளவு உறுதியாகப் பேசுவேன். பாடல் வரிகளுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது, அவருடைய மண வாழ்க்கையில் யார் பக்கம் நியாயம் என்பதெல்லாம் என் தொழிலுக்கு வெளியே உள்ளவை. அந்த இடங்கள் வரும்போது சொல்கிறேன், அங்கே என் பேச்சைக் கொஞ்சம் குறைத்தே எடைபோடுங்கள்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்கலாம். காலின்ஸ் 1970இல் ஜெனிஸிஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவில் டிரம்மராகச் சேர்ந்தவர். பாடகர் பீட்டர் கேப்ரியல் 1975இல் விலகியதும், வேறு பாடகர் யாரும் சரியாக அமையாமல், டிரம்ஸுக்குப் பின்னால் இருந்தவரே முன்னால் வந்து பாட நேர்ந்தது. அந்தக் கேப்ரியல் 1979இல் தன் மூன்றாவது தனி ஆல்பத்தைப் பதிவு செய்தபோது, பழைய நண்பர் காலின்ஸை டிரம்ஸ் வாசிக்கக் கூப்பிட்டார். இடம் லண்டனின் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோ. தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட், ஒலிப்பதிவாளர் ஹ்யூ பேட்கம். கேப்ரியல் ஒரு நிபந்தனை போட்டார்: இந்த ஆல்பத்தில் சிம்பல், அதாவது டிரம்ஸோடு சேர்த்து அடிக்கும் உலோகத் தட்டு, என்ற பேச்சே கூடாது. இந்த நிபந்தனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அந்த ஸ்டுடியோவில் எஸ்எஸ்எல் நிறுவனத்தின் புதிய கன்சோல், அதாவது எல்லா மைக்குகளின் ஒலியும் வந்து சேரும் கட்டுப்பாட்டு மேசை, ஒன்று இருந்தது. கன்சோலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாசிப்பவர் பேசுவதைக் கேட்க வேண்டும் அல்லவா? அதற்காக அறையில் ஒரு மைக் தொங்கவிட்டிருப்பார்கள். யார் எந்த மூலையில் நின்று முணுமுணுத்தாலும் காதில் விழ வேண்டும் என்பதால், அந்த மைக்கின் பாதையில் மிகக் கடுமையான கம்ப்ரஸர் ஒன்று நிரந்தரமாகப் போட்டிருக்கும். மெல்லிய சத்தத்தை அது தூக்கிவிடும், பெரிய சத்தத்தை அமுக்கிவிடும். பேச்சுக்கான ஏற்பாடு அது, இசைக்கு அல்ல. காலின்ஸ் டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தபோது பேட்கம் அந்த மைக்கைத் திறந்தார். ஸ்பீக்கரில் வந்தது டிரம்ஸ் போலவே இல்லை, கட்டடம் இடிவதுபோல இருந்தது. அதோடு நாய்ஸ் கேட்டும் சேர்ந்தது. ஒலி ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் கதவைச் சாத்துவதுபோல அதை வெட்டிவிடும் கருவி அது. இரண்டும் சேர்ந்ததும் எல்லாருக்கும் பொறி தட்டிவிட்டது. பேச்சு மைக்கின் ஒலியை நேரடியாக டேப்பில் பதிய வழியில்லாததால், அதற்கென்று கன்சோலின் ஒயரிங்கையே மாற்றினார்கள். காலின்ஸ் அடித்த அந்தத் தாளத்தை அடித்தளமாக வைத்துக் கேப்ரியல் எழுப்பிய பாடல்தான் 'இன்ட்ரூடர்'. 1980இல் வெளிவந்தது. காலின்ஸின் தனி ஆல்பத்துக்கு முந்தைய ஆண்டு.

ஆக, தற்செயல் என்ற கதை பொய் இல்லை. பேச்சு மைக்கைத் திறந்தது தற்செயல். ஆனால் ஒயரை மாற்றியது தற்செயல் இல்லை, கேட் போட்டது தற்செயல் இல்லை, சிம்பலை ஒதுக்கியதும் தற்செயல் இல்லை. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் இந்த ஒலியை எடுத்தே தீருவது என்று ஒரு டிரம்மரை உட்காரவைத்து, அறையில் மைக் மாட்டி, கம்ப்ரஸரை உச்சத்துக்குத் திருகி, கேட்டையும் போட்டேன். அட்டைப் பெட்டியைத் தட்டுவதுபோல வந்தது. இரண்டு நாள் மைக்கை நகர்த்திப் பார்த்த பிறகுதான் தவறு மைக்கில் இல்லை என்று புரிந்தது. என் டிரம்மர் சிம்பலை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். சிம்பலின் இரைச்சல் அறையை நிரப்பிக்கொண்டே இருந்தால் கேட் எப்போதும் திறந்தே இருக்கும். மூடினால்தானே அந்த வெட்டு கேட்கும்! அடிக்கும் அடிக்கும் நடுவே வெறும் இடம் வேண்டும். கல் சுவர் வைத்த அறையில் ஓர் அடி விழுந்ததும் எதிரொலி பெருகி வருகிறது. கம்ப்ரஸர் அதை அடிக்குச் சமமாகத் தூக்கிவிடுகிறது. இனி இது மெல்லத் தேய்ந்து அடங்கும் என்று காது எதிர்பார்க்கும் அந்தக் கணத்தில் கேட் மூடிக்கொள்கிறது. பெரிய மண்டபத்தின் முழக்கமும் சின்ன அறையின் மௌனமும் அடுத்தடுத்து வருகின்றன. இயற்கையில் எங்கேயும் கேட்க முடியாத ஒன்று என்பதால்தான் அது உடம்பில் தைக்கிறது. கருவி பாதி வேலையைத்தான் செய்கிறது, மீதி வாசிப்பவர் விடும் இடைவெளியில் இருக்கிறது.

இந்த ஒலியைக் கண்டுபிடித்தவர் யார் என்ற சண்டையில் நான் இறங்கப்போவதில்லை. அறையில் இருந்த நால்வருக்கும் ஏதோ ஒரு பங்கு உண்டு. யார் பேட்டியைப் படிக்கிறோமோ அவர் பங்கு கொஞ்சம் கூடித் தெரியும், அவ்வளவுதான். டிரம்ஸை இயல்புக்கு மாறாகப் பெரிதாக்குவது என்ற யோசனையே அங்கேதான் பிறந்தது என்று சொல்வதும் சரியில்லை. 1977இல் டேவிட் போவியின் 'லோ' ஆல்பத்தில் டோனி விஸ்கான்டி, ஈவன்டைட் ஹார்மனைசர் என்ற கருவியால் ஸ்னேர் என்ற டிரம்மின் சுருதியைச் சரியவிட்டு அப்போதே எல்லாரையும் குழப்பியிருந்தார். அது வேறு வழி. ஆனால் கதவு கொஞ்சம் திறந்திருந்தது.

சரி, காலின்ஸின் பங்குக்கு வருவோம். அது டவுன்ஹவுஸில் தொடங்கவில்லை, அவர் வீட்டுப் படுக்கையறையில் தொடங்குகிறது. 1978இல் நீண்ட சுற்றுப்பயணங்களுக்குப் பிறகு அவருடைய முதல் திருமணம் உடைந்துகொண்டிருந்தது. அதைக் காப்பாற்றக் கனடாவின் வான்கூவர் வரை போய்ப் பார்த்தார், பலிக்கவில்லை. இங்கிலாந்து திரும்பியபோது ஜெனிஸிஸின் மற்ற இருவரும், அதாவது டோனி பேங்க்ஸும் மைக் ரதர்ஃபோர்டும், தங்கள் தனி ஆல்பங்களில் மூழ்கியிருந்தார்கள். வெறிச்சோடிய வீட்டில் இவருக்குத் துணை எட்டு ஒலிகளைத் தனித்தனியாகப் பதியும் ஓர் எட்டு டிராக் டேப் மெஷின், ஒரு பிராஃபெட்-5 சிந்தசைஸர், ஒரு பியானோ, அப்புறம் ரோலண்ட் சிஆர்-78 என்ற டிரம் மெஷின். உலகத்தின் சிறந்த டிரம்மர்களில் ஒருவர் கையில் டிரம் மெஷின். அதைத் தாளம் தவறாமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரனாக விட்டுவிட்டு, அவர் சுரங்களைத் தேடிக்கொண்டிருந்தார். அதுவரை குழுவில் பெரும்பாலும் மற்றவர்கள் எழுதியதற்கு வாசித்தும் பாடியும் வந்தவர், பாட்டெழுதப் பழகியது இப்படித்தான்.

அந்த வீட்டு டேப்புகளில் இருந்தவை எல்லாம் இந்த ஆல்பத்துக்கு வரவில்லை. 'மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்', 'ப்ளீஸ் டோன்ட் ஆஸ்க்' என்ற இரண்டும் 1980இல் வந்த ஜெனிஸிஸின் 'டியூக்' ஆல்பத்துக்குப் போயின. இன்னொன்று எதிலும் சேராமல் கிடந்தது. நான்கு வருடம் கழித்து ஒரு படத்துக்காக வரிகளை மாற்றி எழுதி 'அகெய்ன்ஸ்ட் ஆல் ஆட்ஸ்' என்று வெளிவந்து, 1984இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. வேண்டாம் என்று ஒதுக்கியதே அந்தத் தரத்தில் இருந்தது என்றால், அந்த அறையில் அந்த மாதங்களில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 'இன் தி ஏர் டுநைட்' பாடலைக் குழுவினருக்குப் போட்டுக் காட்டினாரா, அவர்கள் வேண்டாம் என்றார்களா என்பதில் மட்டும் காலின்ஸ் சொல்வதும் பேங்க்ஸ் சொல்வதும் ஒத்துப்போவதில்லை. போட்டுக் காட்டினேன் என்கிறார் இவர், கேட்ட நினைவே இல்லை என்கிறார் அவர். இணையத்தில் இதை ஒரு துரோகக் கதையாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். இரண்டு பேரின் ஞாபகம் முரண்படுகிறது என்பதற்கு மேல் அதில் எதுவும் நிரூபணமாகவில்லை.

இப்போது என் பார்வையில் இந்த ஆல்பத்தின் மிகப் பெரிய முடிவு. டெமோ என்பது தூக்கிப் போடுவதற்கென்றே செய்யப்படுவது. வீட்டில் கோடு போட்டுக்கொண்டு, ஸ்டுடியோவுக்குப் போய் நல்ல கருவியில், நல்ல வாசிப்பாளர்களோடு திரும்ப எடுப்பார்கள். தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்த ஒரு துக்கம் உண்டு: திரும்ப எடுத்தது எல்லா வகையிலும் மேலாக இருக்கும், ஆனால் டெமோவில் இருந்த உயிர் மட்டும் அதில் இருக்காது. காலின்ஸும் பேட்கமும் அந்தத் துக்கத்தைத் தவிர்க்க ஒரு வழி செய்தார்கள். வீட்டு எட்டு டிராக் டேப்பிலிருந்தவற்றை அப்படியே ஸ்டுடியோவின் இருபத்து நான்கு டிராக் டேப்புக்கு மாற்றி, அவற்றின் மேலேயே மற்றதைச் சேர்த்தார்கள். 'இன் தி ஏர் டுநைட்' தொடக்கத்தில் நீங்கள் கேட்கும் அந்த டிரம் மெஷின், அந்த மூட்டமான சிந்தசைஸர் எல்லாம் படுக்கையறையில் பதிந்தவை. டேப்பிலிருந்து டேப்புக்கு மாற்றும்போது இரைச்சல் கூடும். எந்த ஒலிப்பதிவாளரும் முகம் சுளிக்கும் வேலை அது. இரைச்சல் போகட்டும், இதை விடக் கூடாது என்று முடிவெடுக்க ஒரு துணிச்சல் வேண்டும். முதல் தனி ஆல்பத்தில், தன் பெயரை மட்டும் நம்பிக் கடைக்குப் போகும் நேரத்தில், அது இன்னும் அதிகமாகவே வேண்டும்.

பாடலின் வரிகளும் அப்படித்தான் வந்தன. சுரங்களைப் பிடித்தபடி வாயில் வந்ததைப் பாடினேன், பெரும்பகுதி அப்படியே நின்றுவிட்டது என்று காலின்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். இங்கே ஒரு கட்டுக்கதையை அடக்கம் செய்துவிடலாம். ஒருவர் நீரில் மூழ்குவதை இன்னொருவர் கைகட்டி வேடிக்கை பார்த்தார், அதைக் கண்ட காலின்ஸ் அந்த ஆளைக் கச்சேரிக்கு வரவழைத்து, விளக்கை அவர் முகத்தில் பாய்ச்சி இந்தப் பாட்டைப் பாடினார் என்று ஒரு கதை பல பத்தாண்டுகளாக உலவுகிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அவரே மறுத்துவிட்டார். மணமுறிவின் கோபம் அந்தப் பாட்டில் இருக்கிறது என்பது வரை அவரே ஒப்புக்கொள்வது. அதற்கு மேல் ஒவ்வொரு வரிக்கும் பொருள் தேடுவது, நான் முன்பே சொன்னபடி, என் வேலை இல்லை.

நீங்கள் கேட்ட டிரம்ஸ் அடிக்கு இப்போது வரலாம். ஐந்தரை நிமிடப் பாடல். முதல் மூன்றரை நிமிடத்துக்கு மேல் டிரம்ஸே கிடையாது, பின்னால் டிரம் மெஷின் மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டிருக்கிறது. பாடுபவர் யார்? டிரம்மர். கேட்பவர்களில் பலருக்கும் அது தெரியும். எப்போது அடிப்பார், எப்போது அடிப்பார் என்று காத்திருக்கவைத்து, குரலில் கோபம் ஏற ஏறக் கையைக் கட்டிக்கொண்டே இருந்துவிட்டு, கிட்டத்தட்ட 3 நிமிடம் 40 விநாடியில் அந்த உருட்டலை இறக்குகிறார். 'இன்ட்ரூடர்' பாடலில் இதே வகை ஒலி முதல் விநாடியிலிருந்தே இருக்கிறது. அங்கே அது பாடலின் சூழல், இங்கே அது ஒரு நிகழ்ச்சி. ஒலி ஒன்றுதான், கதையில் அது நுழையும் இடம் வேறு. பதிவாளராக நான் மெச்சுவது பேட்கம் பிடித்த ஒலியை. ஆனால் அந்த மூன்றரை நிமிடப் பொறுமை காலின்ஸுடையது. அதைச் சொல்லித்தர எந்தக் கருவியாலும் முடியாது.

அந்தப் பொறுமைக்கு அப்போதே எதிர்ப்பும் இருந்தது. அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸின் தலைவர் அஹ்மத் எர்டெகன்தான் இந்த டெமோக்களைக் கேட்டு ஆல்பமாகப் போடு என்று ஊக்கப்படுத்தியவர். ஆனால் இந்தப் பாட்டை சிங்கிளாக, அதாவது ஆல்பத்திலிருந்து தனிப் பாடலாக, வெளியிடும்போது, தாளம் எங்கே, கேட்கிறவர்களுக்குப் பிடிபடாதே என்று கவலைப்பட்டார். அதனால் சிங்கிள் வடிவத்தில் முன்னதாகவே கொஞ்சம் டிரம்ஸ் சேர்த்தார்கள். ஆல்பத்தில் சேர்க்கவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். நான் பக்கம் பக்கமாக எழுதியது ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

ஒரே பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், ஆல்பத்தில் பன்னிரண்டு இருக்கின்றன. எல்லாம் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். 'திஸ் மஸ்ட் பி லவ்' இனிமையானது, ஆனால் கேட்டு முடித்ததும் நழுவிவிடுகிறது. 'ஐ மிஸ்டு அகெய்ன்' பாடலில் எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழுவின் ஊதுகருவிக்காரர்கள் வந்து சேர்கிறார்கள். இங்கிலாந்தின் முற்போக்கு ராக் குழுவில் பத்து வருடம் இருந்தவர், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசையும் ஃபங்கும் வளர்த்த அந்தப் பித்தளை ஒலியை அழைத்துக்கொண்டு வந்தார். 'பிஹைண்ட் தி லைன்ஸ்' ஜெனிஸிஸின் 'டியூக்' ஆல்பத்தில் ஏற்கெனவே வந்த பாடல். அதையே எடுத்து ஊதுகருவிகளோடு ஆடவிட்டார். குழுவில் நான் யார், தனியாக நான் யார் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பேட்டியும் சொல்லாது. 'இஃப் லீவிங் மீ இஸ் ஈஸி' பாடலில் எரிக் கிளாப்டன் கிட்டார் வாசிக்கிறார், ஆனால் முதல் தடவை கேட்கும்போது அவர் இருப்பதே தெரியாது. அவ்வளவு அடக்கம். பெரிய பெயரைக் கூப்பிட்டு அவரை முன்னால் தள்ளாமல் இருப்பதும் ஒரு திறமைதான். கடைசிப் பாடல் பீட்டில்ஸின் 'டுமாரோ நெவர் நோஸ்'.

நம்மவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று. இந்த ஆல்பத்தில் வயலின் வாசித்திருப்பவர் எல். சங்கர். 1950இல் சென்னையில் பிறந்தவர், வி. லக்ஷ்மிநாராயணாவின் மகன், 'ஏழாவது மனிதன்' படத்துக்கு இசையமைத்த எல். வைத்தியநாதனுக்கும் வயலின் மேதை எல். சுப்ரமணியத்துக்கும் தம்பி. கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினோடு, இந்திய இசையையும் ஜாஸையும் கலந்த சக்தி குழுவில் வாசித்துவிட்டு வந்திருந்தார். 'இன் தி ஏர் டுநைட்' பாடலிலேயே அவருடைய வயலின் இருக்கிறது, கிட்டாரும் சிந்தசைஸரும் பின்னிக்கிடக்கும் அந்த மூட்டத்துக்குள் புதைந்து. வெளிப்படையாகக் கேட்க வேண்டுமானால் 'டிரோன்ட்' என்ற கருவியிசைப் பகுதிக்குப் போங்கள். பெயருக்கு ஏற்ப ஒரே சுருதி அடியில் நிற்க, வில்லின் இழுப்பு அதன் மேல் நெளிகிறது. கர்நாடக இசை பழகிய காதுக்கு அது உடனே அடையாளம் தெரிந்துவிடும்.

வரவேற்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிங்கிள் 1981 ஜனவரியில் வந்து பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை ஏறியது. ஜான் லென்னன் கொல்லப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்த காலம், பட்டியலின் உச்சியில் லென்னனின் பாடல்கள் இருந்தன. பிப்ரவரியில் வந்த ஆல்பம் பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் ஏழாமிடம். அதன் பிறகு பத்து வருடத்துக்கு அந்த டிரம்ஸ் ஒலியை எல்லாரும் அள்ளிக்கொண்டார்கள். ஏஎம்எஸ் ஆர்எம்எக்ஸ்16 போன்ற, எதிரொலியைச் செயற்கையாகச் சேர்க்கும் டிஜிட்டல் ரிவெர்ப் கருவிகளில் அதேபோன்ற ஒலி ஒரு பொத்தானாகவே வந்துவிட்டது. கல் அறையும் தேவையில்லை, பேச்சு மைக்கும் தேவையில்லை. 1980களின் பாதிப் பாடல்கள் இன்று கேட்கும்போது களைப்பூட்டுவதற்கு அந்தப் பொத்தானும் ஒரு காரணம் என்பது என் கருத்து. ஒலியை வாங்கினார்கள், காத்திருப்பை வாங்க முடியவில்லை. காலின்ஸே பின்னாளில் தன் சில பதிவுகளில் அதை அளவுக்கு மீறித் தெளித்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தில் என்னை நீங்கள் மறுக்கலாம். டெமோவை வைத்துக்கொண்டதுதான் இந்த ஆல்பத்தின் உயிர் என்று நான் சொல்வது, கேட்டுக் கேட்டு எனக்குள் ஏறிய நம்பிக்கை. முழுவதும் புதிதாகப் பதிவு செய்திருந்தால் இதைவிடச் சிறப்பாக வந்திருக்குமோ என்று ஒருவர் கேட்டால், இல்லை என்று நிரூபிக்க வழியில்லை. அதேபோல, காதால் கேட்டே எந்த மைக் எங்கே இருந்தது என்று சொல்லிவிடுவேன் என்று யாராவது மார்தட்டினால் நம்பாதீர்கள், நான் உட்பட.

எந்தப் பதிப்பைக் கேட்பது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். 2016இல் மறுபதிப்பு ஒன்று வந்தது. ஒலி சுத்தமாகவே இருக்கிறது, தாராளமாக அதையே கேட்கலாம். போன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம், அந்த முதல் மூன்றரை நிமிடத்தின் தாழ்ந்த சுருதி ஒலிகள் அதில் காணாமல் போய்விடும். முதலில் 'இன்ட்ரூடர்', அடுத்து சிங்கிள் வடிவம், அப்புறம் ஆல்பம் முழுவதும் என்ற வரிசையில் போங்கள். மறுபதிப்பின் அட்டையையும் ஒரு தடவை பழையதோடு வைத்துப் பாருங்கள். 1981இல் அட்டை முழுக்க நிறைந்திருந்த முப்பது வயது முகத்தின் இடத்தில், அதே கோணத்தில், அதே பார்வையில், அறுபது தாண்டிய முகத்தைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்.